உதிரி

பீடோங் பஸ் நிலையத்துக்கு எதிரே
கோப்பிக் கடை மேசையில்
நாற்பத்திரண்டு பாரங்கள்.
இந்த ஊரில் படிவத்துக்கும் சுமைக்கும்
ஒரே சொல்தான்.

ஏழாம் கேள்வி:
நாடகப் பயிற்சிக்குப் பின் என் தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது.
ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடுக.
முப்பத்தெட்டுப் பேர் ஐந்து.
ஒருத்தி ஐந்துக்குப் பக்கத்தில் ஆறு எழுதி
ஆறையே வட்டமிட்டிருக்கிறாள்.

இதற்குத்தான் எனக்கு இருபத்தாறு வருடச் சம்பளம்.
பல்கலைக்கழகக் கதவில் என் பெயருக்கு முன்னால்
முனைவர் வந்தது, இணைப் பேராசிரியர் வந்தது,
கதவுதான் இன்னும் ஒழுங்காகச் சாத்த வரவில்லை.
நான் மேடை ஏறியதில்லை.
இருட்டில், கடைசி வரிசையில்,
கைவிளக்கோடு குறிப்பெடுத்தே காலம் போயிற்று.
குளிர்ந்த ஊர்களின் மாநாடுகளில்
ஒரு பச்சைக் கோட்டை மேல்நோக்கி ஏற்றிக் காட்டினேன்.
கைதட்டினார்கள்.
அந்தக் கோட்டுக்குள் வியர்வை இல்லை,
வசனம் மறந்து திரைச்சீலையைக் கடித்த பல் இல்லை.

வெள்ளிக்குள் தாக்கம் வேண்டும் என்கிறார் அதிகாரி.
தாக்கம்.
யாரோ யாரையோ அடித்துவிட்டு
காயத்தை அளந்து வரச் சொன்னதுபோல.

கடைசிப் பாரம் யுவநேசனுடையது.
எதையும் வட்டமிடவில்லை. அடியில் பென்சிலில்:
"மரம் வேசம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன் டீச்சர்."
சொன்னானா?
குறிப்பேட்டைப் புரட்டுகிறேன்.
மூன்றாம் வாரம்: பேசுவதில்லை. ஒத்துழைக்கிறான்.
நான்காம் வாரம்: பேசுவதில்லை. ஒத்துழைக்கிறான்.
தோட்டம் வீட்டுமனையாகும் கதை, பிள்ளைகளே புனைந்தது.
நடுவில் ஒரு மரம் தேவைப்பட்டது,
பேசாதவனை நிறுத்தினேன்.

அரங்கேற்றத்தன்று, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்,
இரண்டாம் காட்சி நடுவே
கிளைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இறங்கினான்.
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து
மீதி நாடகத்தைப் பார்த்தான்.
ஈடுபாடு குறைவு என்று எழுதினேன்.
இரண்டு மதிப்பெண்.

அவன் அம்மா கோமளேஸ்வரி
செம்பனை ஆலையில் குலைகளைத் தரம் பார்ப்பவள்.
மஞ்சள் தொப்பி, கையில் கொக்கி,
லோரிகளுக்கு நடுவே நின்றபடியே பேசினாள்.
பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
"உதிரியப் பார்ப்பேன். தானா கழண்டு விழுந்திருக்கணும்.
ஒண்ணும் உதிராட்டி காய்.
எல்லாம் உதிர்ந்திட்டா அழுகல்."
எனக்குள் உடனே ஒரு கட்டுரைத் தலைப்பு முளைத்தது.
அதைப் பார்த்துவிட்டவள்போல் சொன்னாள்:
"லோரிக்காரன் பழுத்ததை மேல அடுக்கி
காயை அடியில வெச்சிருப்பான்.
கொட்டிக் கிளறணும் டீச்சர்."

முப்பத்தெட்டு ஐந்துகள்
என் கைப்பையில், மேலே,
செக்கச் செவேலென்று.

பையன் எப்படி இருக்கிறான் என்றேன்.
"எல்லாத்துக்கும் வேணாங்கிறான் இப்ப.
டியூஷன் வேணாம். கத்திரிக்காய் வேணாம்.
பெரியப்பா வீடு வேணாம்."
அந்த இடத்தில் மட்டும்
அவள் குரல் ஒரு படி இறங்கியது.
"முந்தி எங்க நிறுத்தினாலும் நிப்பான்.
நீங்க என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?"
புகாரா நன்றியா, தெரியவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை போல.
அடுத்த லோரி ஹாரன் அடித்தது.

கோப்பி ஆறிவிட்டது.
இதர கருத்துகள், ஐம்பது சொற்களுக்கு மிகாமல்
என்ற கட்டத்தில்
"இறங்கினான்" என்று எழுதுகிறேன்.
நாற்பத்தொன்பது சொற்கள் மிச்சம்.
அவனுக்குப் போட்ட இரண்டை அடிக்கிறேன்.
அங்கே என்ன எண் வைப்பது?
பேனாவை மூடுகிறேன். திறக்கிறேன்.
சுங்கைப்பட்டாணி பஸ் வந்து நின்று
என்னை ஏற்றாமலே போகிறது.